புதுப்பிப்பு: கோலாலம்பூரை விட்டு எங்கே? பினாங்குதான்!

கோலாலம்பூரிலிருந்து குடிபெயர தைப்பிங்கா, ஈப்போவா, பினாங்கா, மலையும் நல்ல காற்றும் உள்ள ஊராகச் சொல்லுங்கள் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பினாங்கு என்று முடிவாகிவிட்டது.

தைப்பிங் ஏரிப் பூங்கா அழகுதான். ஆனால் நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் ஊர்களில் ஒன்று அது. எனக்கு மாலை நடை முக்கியம்.

பினாங்கிலும் கீழே வெயில் கோலாலம்பூர் போலத்தான் கொளுத்துகிறது. ஆனால் தண்ணீர்மலைக்குப் பக்கத்தில், தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து ஜீப் பாதையில் ஏறினால் 700 மீட்டருக்கு மேலே கொடிமலை. பாதி வழியிலேயே காற்று மாறுவது தோலில் தெரிகிறது. பாறையோரப் பெரணிகளில் ஈரம் சொட்டுகிறது. அப்புறம் தெலுக் பஹாங் தேசியப் பூங்கா: காட்டு வழியே நடந்தால் கடலாமைகள் முட்டையிடும் கெராச்சுட் கடற்கரை. ஒரே தீவில் இரண்டும்!

தண்ணீர்மலைப் பக்கம் வாடகை வீடு இருந்தால் சொல்லுங்கள்.