அகன்ற பவுடர் ஸ்கீக்குப் பழகுவதும் பைண்டிங் பூட்டும் இடமும்: ஆலோசனை வேண்டும்

கோப்பாயூரான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நீண்ட காலம் கனடாவின் கல்கரியில் இருந்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக இப்போது கோப்பாயில் வசிக்கிறேன். ஆனாலும் மாசி மாதத்தில் தம்பி வீட்டுக்குப் போய், அவனோடு றெவெல்ஸ்ரோக் மலையில் ஸ்கீ ஓடும் வழக்கத்தை இன்னும் விடவில்லை. இவ்வளவு காலமும் நான் ஓடியது இடைப்பகுதி 78 மில்லிமீற்றர் அகலமுள்ள, இயந்திரம் சமப்படுத்திய சரிவுகளுக்கான ஸ்கீ. இந்த முறை தம்பி எனக்கென்று 184 சென்ரிமீற்றர் நீளமும் 112 மில்லிமீற்றர் இடையகலமும் கொண்ட பவுடர் ஸ்கீ, அதாவது ஆழமான மென்பனிக்கான ஸ்கீ ஒன்றை வாங்கி வைத்திருக்கிறான். முன்முனை நன்றாகவும் வால் சற்றுக் குறைவாகவும் மேல்நோக்கி வளைந்த றொக்கர் வடிவம் அது.

சப்பாத்தை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பைண்டிங்கை இன்னும் பூட்டவில்லை. சப்பாத்தின் நடு வர வேண்டிய இடமாக உற்பத்தியாளர் குறித்திருக்கும் கோடு, ஸ்கீயின் நடுவிலிருந்து 6 சென்ரிமீற்றர் பின்னால் இருக்கிறது. அதிலிருந்து இன்னும் 2 சென்ரிமீற்றர் பின்னால் பூட்டினால் முன்முனை பனிக்குள் புதையாது என்று தம்பி சொல்கிறான். கடைக்காரரோ, திருப்பம் இலகுவாக வேண்டுமென்றால் 1 சென்ரிமீற்றர் முன்னால் பூட்டலாம் என்கிறார். ஒரு முறை துளைத்துவிட்டால் பிறகு மாற்றுவது கடினம் என்பதால் முடிவெடுக்க முடியாமல் இருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்ற மாசியில் இதே அளவு அகலமான ஸ்கீ ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓடினேன். இறுகிய பனியில் அது ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாற மிகவும் தாமதித்ததுடன், மாலையில் முழங்காலின் உட்பக்கம் வலித்தது. ஆழமான பனியிலோ தொடை எரியத் தொடங்கியது, முனைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டன. இது பைண்டிங் இருந்த இடத்தின் கோளாறா, அல்லது என் பழக்கத்தின் கோளாறா? என் வயது 51, எடை 72 கிலோ, உயரம் 173 சென்ரிமீற்றர், சப்பாத்தின் அடிநீளம் 305 மில்லிமீற்றர்.

சுன்னாகம் பட்டறை எழுதியது:

தம்பி, சுவிற்சர்லாந்தில் ஸ்கீக் கடையொன்றின் பட்டறையில் பைண்டிங் பூட்டுவதே பல ஆண்டுகள் என் தொழிலாக இருந்தது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கோட்டைச் சரிபார்க்க வேண்டும். 184 என்று அச்சிட்டிருந்தாலும், வாலின் நுனியிலிருந்து முன்முனை வரை நாடாவை நேராக இழுத்துப் பிடித்து அளந்தால் 182 அல்லது 183தான் வரக்கூடும், ஏனென்றால் முனைகள் வளைவதில் கொஞ்ச நீளம் போய்விடுகிறது. உதாரணத்துக்கு, அளவு 182.4 என்று வந்தால் நடு 91.2. அதிலிருந்து 6 சென்ரிமீற்றர் பின்னால் என்றால் வாலிலிருந்து 85.2 சென்ரிமீற்றரில் உங்கள் சப்பாத்தின் நடுக்கோடு வந்து நிற்க வேண்டும். அச்சிட்ட கோடு இரண்டு ஸ்கீயிலும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று வாலிலிருந்து அளந்து பாருங்கள். சில மில்லிமீற்றர் விலகியிருந்த சோடிகள் என் கைக்கே வந்திருக்கின்றன.

பின்னால் பூட்டினால் என்ன நடக்கும் என்பதைக் குருநகர் வள்ளங்களைப் பார்த்த எவரும் ஊகிக்கலாம்: பாரம் பின்னால் போகும்போது அணியம் எழும்பும், ஆனால் வள்ளம் சட்டென்று திரும்பாது. உங்கள் தம்பி சொல்வது அந்த அளவில் சரிதான். ஆனால் அவர் சொல்லும் வழக்கம், முன்முனை தட்டையாக இருந்த ஸ்கீக்களின் காலத்தது. உங்கள் ஸ்கீயில் முனையை மேலே கொண்டுவரும் வேலையை றொக்கரும் அகலமும் ஏற்கனவே செய்கின்றன. 2 சென்ரிமீற்றர் பின்னால் போனால் உங்கள் பாதத்தின் நடு, ஸ்கீயின் பக்கங்கள் உள்ளே வளைந்து மிக ஒடுங்கும் இடத்தை விட்டு விலகிவிடும். அப்போது இறுகிய பனியில் ஒவ்வொரு திருப்பத்தையும் தொடங்குவதற்கு உடலை வலிந்து முன்னால் தள்ள வேண்டியிருக்கும். நாள் முழுவதும் பவுடரிலேயே ஓடுபவர் எவருமில்லை, மலையடிவாரத்துக்கு இறங்கும் வழி எப்போதும் இறுகியதாகவே இருக்கும்.

1 சென்ரிமீற்றர் முன்னால் பூட்டுவது அவ்வளவு பெரிய மாற்றமல்ல. ஸ்கீ இலகுவாகச் சுழலும், வால் சற்று நீண்டதாக உணரப்படும், ஆழமான பனியில் முனை கொஞ்சம் கீழே இருக்கும். பாதம் மிகச் சிறியவர்களுக்கு முன்னால் பூட்டுவதில் நியாயமும் உண்டு. சப்பாத்தின் நடுக்கோட்டைக் கோட்டில் வைக்கும்போது, குட்டையான சப்பாத்தில் முன்பாதத்தின் பந்துப்பகுதி சற்றுப் பின்னால் வந்து விழுகிறது. 305 மில்லிமீற்றர் சராசரி அளவுதான் என்பதால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

ஆகவே என் ஆலோசனை, குறித்த கோட்டிலேயே பூட்டுவது. மனம் ஒப்பவில்லை என்றால், வாடகைக் கடைகளில் பயன்படுத்தும் தண்டவாள வகைப் பைண்டிங்கைப் பூட்டச் சொல்லுங்கள். சப்பாத்தின் முன்நுனியைப் பிடிக்கும் முன்தலையையும் குதியைப் பிடிக்கும் பின்தலையையும் தனித்தனியே நகர்த்தி, துளைக்காமலே முன்னும் பின்னும் பரீட்சித்துப் பார்க்கலாம். அது சற்றுப் பாரமானது, பாதத்தைச் சற்று உயர்த்தியும் வைக்கும், ஆனால் உங்கள் நிலையில் அந்த விலை தகும். சாதாரணப் பைண்டிங் என்றால், பழைய துளைக்கும் புதிய துளைக்கும் இடையில் குறைந்தது 1 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும் என்பதால், பிறகு அரைச் சென்ரிமீற்றர் நகர்த்துவது பெரும்பாலும் முடியாத காரியம். கழன்ற ஸ்கீயை ஓடவிடாமல் நிறுத்தும் பிறேக்கின் அகலம் 115 அல்லது 120 மில்லிமீற்றராக இருக்கட்டும். அதைவிட அகலமாக எடுத்தால் பிறேக் கைகள் வெளியே நீட்டிக்கொண்டு பனியில் இழுபடும்.

நல்லூர் – துரொம்சோ எழுதியது:

அண்ணா, நான் நோர்வேயின் வடக்கில் வசிப்பவள், நல்லூர்த் திருவிழாவுக்காக இப்போது ஊரில் நிற்கிறேன். சுன்னாகத்து ஐயா சொன்ன முடிவே என்னுடையதும், ஆனால் நீங்கள் விவரித்த தொல்லைகளில் பெரும்பங்கு, பைண்டிங் எங்கே இருந்தாலும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தொடை எரிகிறது என்றால் நீங்கள் பின்னால் சாய்ந்து, உட்கார்ந்த நிலையில் ஓடுகிறீர்கள் என்றே பொருள். ஆழமான பனியில் பின்னால் சாய வேண்டும் என்பது நீண்டு ஒடுங்கிய ஸ்கீக்களின் காலத்தில் பலருக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். 1988இல் அற்றொமிக் நிறுவனத்தின் ரூப்பெர்ட் ஹூபர் பனிப்பலகை ஒன்றை இரண்டாகப் பிளந்து அகன்ற ஸ்கீயை உருவாக்கிப் பார்த்தார். 2002இல் ஸ்கீ வீரர் ஷேன் மக்கொன்கியின் எண்ணத்தில் பிறந்த வோலன்ற் ஸ்பற்றுலா என்ற ஸ்கீ விற்பனைக்கு வந்தது. நீர்ச்சறுக்குப் பலகையை நினைவில் வைத்து, முனையும் வாலும் மேலே வளைந்ததாக அமைக்கப்பட்டது அது. அந்த வடிவம் பரவியபின் முனையை மேலே வைத்திருப்பதற்காகப் பின்னால் சாய வேண்டிய தேவையே குறைந்துவிட்டது. ஆனால் உடல் பழைய பாடத்தை இலகுவில் மறப்பதில்லை. கணைக்காலின் முன்புறம் சப்பாத்தின் நாக்கை மெல்லத் தொட்டுக்கொண்டே இருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். அந்தத் தொடுகை விட்டுப்போகும் கணத்தில்தான் தொடை வேலை செய்யத் தொடங்குகிறது.

முனைகள் குறுக்கிட்டதற்கு வேறு காரணம் இருக்கிறது. சமப்படுத்திய சரிவில் வெளிக்காலில் பெரும்பாரத்தைப் போட்டுத் திரும்பப் பழகியவர், அதே பழக்கத்தோடு ஆழமான பனிக்குள் வந்தால், பாரம் தாங்கிய ஸ்கீ அமிழ்ந்துபோக, பாரம் குறைந்தது மேலே மிதந்து தன்பாட்டில் அலையும். இரண்டு காலுக்கும் ஏறக்குறைய சமமாகப் பாரத்தைக் கொடுத்து, கால்களைச் சற்று நெருக்கமாக வைத்து, இரண்டையும் ஒரே பலகையாக எண்ணித் திருப்புங்கள். கொஞ்சம் வேகமும் வேண்டும், ஏனென்றால் வேகம் குறைந்தால் எந்த அகலமும் மிதக்காது. பயந்து மெதுவாகப் போகிறவர்தான் அதிகம் களைக்கிறார்.

முழங்கால் வலியைப் பற்றி: அகன்ற ஸ்கீயில் விளிம்பு, பாதத்தின் நடுவிலிருந்து தள்ளி இருக்கிறது. இறுகிய பனியில் அந்த விளிம்பின்மேல் நிற்க முயலும்போது, பனி ஸ்கீயைத் திரும்பத் தட்டையாக்கவே பார்க்கும், அந்த முறுக்கத்தை முழங்கால்தான் தாங்க வேண்டும். 78 மில்லிமீற்றர் ஸ்கீயில் விளிம்பால் பனியைச் செதுக்கித் திரும்பியதைப்போல் 112இல் செதுக்க முற்படாதீர்கள். திருப்பத்தைச் சற்று முன்னதாகவே தொடங்கி, அவசரமின்றிச் சாய்த்து, ஓரளவு வழுக்கவும் விடுங்கள். தட்டையான இணைப்புப் பாதைகளில் ஸ்கீ இடமும் வலமும் அலைந்தால், ஒரு விளிம்பில் மிக இலேசாக நின்றால் போதும், அடங்கிவிடும்.

முதல் நாள் காலையில் நேரே ஆழமான சரிவுக்குப் போகாமல், சமப்படுத்திய இலகுவான சரிவில் இந்த ஸ்கீயின் தாமதத்தைக் கால்கள் அறிந்துகொள்ளும்வரை ஓடுங்கள். பிறகு கணுக்காலளவு பனி உள்ள, சாய்வு குறைந்த இடத்தில் நேராக இறங்கியபடி இரண்டு கால்களாலும் மெல்லத் துள்ளிப் பாருங்கள். முனையும் வாலும் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழுந்தால் நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். வால் மட்டும் பனியை விட்டு எழ மறுத்தால் இன்னும் பின்னால்தான் நிற்கிறீர்கள். பைண்டிங்கை நகர்த்துவதா என்ற கேள்வியை இந்தச் சோதனைக்குப் பிறகு கேட்பதுதான் பொருத்தமானது.

ஹொக்கைடோ தம்பி எழுதியது:

அண்ணா, நான் மானிப்பாயைச் சேர்ந்தவன், குளிர்காலத்தில் ஜப்பானின் நிசெக்கோவில் விடுதி ஒன்றில் வேலை செய்கிறேன். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிவந்து கொட்டுவதால் அங்கே விழும் பனி மிக இலேசானது, நாங்கள் பெரும்பாலும் மரங்களுக்கிடையில்தான் ஓடுகிறோம். நான் கோட்டிலிருந்து 1 சென்ரிமீற்றர் முன்னால் பூட்டியிருக்கிறேன், நெருங்கிய மரங்களுக்கிடையில் ஸ்கீ சட்டென்று சுழல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் என் எடை 58 கிலோதான், முனை புதைவது எனக்குப் பெரிய தொல்லையாக இல்லை. 72 கிலோ எடையோடு 1,713 மீற்றர் இறக்கமுள்ள றெவெல்ஸ்ரோக்கில் நீண்ட திருப்பங்கள் எடுக்க விரும்பினால், ஐயா சொன்ன கோடே உங்களுக்குப் பொருந்தும்.

எந்த இடத்தில் பூட்டினாலும் இரண்டைச் செய்துகொள்ளுங்கள். பைண்டிங்கில் நீண்ட வண்ண நாடாவைக் கட்டி, காற்சட்டையின் கீழ்மடிப்புக்குள் சுருட்டி வையுங்கள். ஆழமான பனியில் கழன்ற ஸ்கீ சறுக்கிப் போவதில்லை, உள்ளேயே புதைந்துவிடும், அதைத் தேடுவதில் அரைநாள் போகும். மற்றது, ஊசியிலை மரங்களின் அடியில், கிளைகளுக்குக் கீழே பனி இறுகாமல் குழியாக இருக்கும். தலைகீழாக அதற்குள் விழுந்தவர் தானாக வெளியே வருவது மிகக் கடினம், மூச்சுத் திணறி இறந்தவர்கள் உண்டு. அகன்ற ஸ்கீ உங்களை மரங்களுக்கிடையில் இலகுவாகக் கொண்டுபோய்விடும் என்பதால்தான் சொல்கிறேன், தம்பியின் பார்வையை விட்டு விலகாதீர்கள், ஊதுகுழலைக் கழுத்தருகில் வைத்திருங்கள்.

கோப்பாயூரான் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பின்னால் சாய்கிறேன் என்பது அக்கா சொல்லும்வரை எனக்குத் தோன்றவேயில்லை. தண்டவாளப் பைண்டிங் பூட்டி, கோட்டிலேயே தொடங்குமாறு தம்பிக்கு எழுதிவிட்டேன். ஐயாவிடம் இன்னொரு கேள்வி: கழன்றுகொள்ளும் இறுக்கத்தைச் சற்றுக் கூட்டி வைத்தால் ஆழமான பனியில் ஸ்கீ தொலையாது என்கிறார்களே, அது சரியா? என் சப்பாத்து மட்டும் என்னோடு கோப்பாயில்தான் இருக்கிறது, பழையதுதான், அலுமாரிக்குள் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

சுன்னாகம் பட்டறை எழுதியது:

கூட்டவே வேண்டாம். பைண்டிங் எந்த இறுக்கத்தில் கழல வேண்டும் என்பதைக் காட்டும் எண்ணை எடை, உயரம், வயது, சப்பாத்தின் அடிநீளம், ஓடும் பாணி ஆகியவற்றை வைத்து ஐ.எஸ்.ஓ 11088 என்ற சர்வதேசத் தர அட்டவணைப்படிதான் வைக்க வேண்டும். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அட்டவணை ஒரு படி குறைத்தே சொல்கிறது, அதற்குக் காரணம் எலும்பு. ஸ்கீ தொலையாமல் இருப்பதற்கு மானிப்பாய்த் தம்பி சொன்ன நாடா போதும். தண்டவாளத்தில் முன்பின் நகர்த்தும் ஒவ்வொரு தடவையும், பின்தலை சப்பாத்தை முன்னோக்கி அழுத்தும் அளவு சரியான குறியில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அது பிசகினால் அட்டவணை எண்ணுக்கே பொருளில்லாமல் போகும்.

சப்பாத்து அலுமாரியில் இருக்கிறது என்றதுதான் எனக்குக் கவலை. ஸ்கீச் சப்பாத்துகளின் ஓடு பெரும்பாலும் பொலியூரித்தேன் வகைப் பிளாஸ்ரிக். வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் அது உள்ளிருந்தே சிதையும், வெளியே பார்க்க ஒரு குறையும் தெரியாமல் இருந்து, பைண்டிங்கில் மிதித்து இறுக்கும்போது துண்டாக உடையவும் கூடும். யாழ்ப்பாணத்து உப்புக்காற்றிலும் மாரி ஈரத்திலும் வருடம் முழுவதும் கிடந்த பழைய சப்பாத்தைச் சோதிக்காமல் மலைக்குக் கொண்டுபோகக் கூடாது. அடிப்பாகத்தின் முன்நாக்கு 19 மில்லிமீற்றர் தடிப்பாக இருக்க வேண்டும், ஒரு மில்லிமீற்றர் கூடலாம், குறையலாம், அதற்குமேல் அல்ல. சீமெந்து நிலத்தில் நடந்து தேய்ந்திருந்தால் பைண்டிங் ஒழுங்காகக் கழலாது. எந்த லேத் பட்டறையிலும் வேர்ணியர் கருவியால் அதை அளந்து தருவார்கள், என்னிடமும் ஒன்று இருக்கிறது.

ஞாயிறு காலை நான் வீட்டில்தான் இருப்பேன். இரண்டு சப்பாத்தையும், உள்ளுறையைக் கழற்றிய நிலையில் கொண்டுவாருங்கள். ஓட்டின் உட்புறத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தால் அப்படித்தான் தெரியும்.