கறுப்புச் சோப்பு குழைந்துபோகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். வேலைக்காகக் கானா வந்து ஏழு மாதமாகிறது. அக்ராவின் மக்கோலா சந்தையில் ஒரு அம்மாவிடம் கறுப்புச் சோப்பு வாங்கினேன். இங்கே 'அலாட்டா சமினா' என்கிறார்கள். கொக்கோ ஓடு, வாழைத்தோல் எரித்த சாம்பலோடு ஷியா மரக்கொட்டைக் கொழுப்பைச் சேர்த்துக் காய்ச்சுவது. பழுப்புக் கட்டி, கிள்ளினால் உதிரும், சாம்பல் துணுக்குகூடக் கையில் தட்டுப்படும். எனக்கு ரொம்பவே பிடித்துவிட்டது.

ஆனால் இரண்டே வாரத்தில் வெல்லப்பாகு மாதிரி இளகிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. சாம்பலில் பொட்டாசியம் இருப்பதால் ஈரத்தை இழுக்கிறது, சரி. அடுத்த மாதம் சென்னைக்கு அம்மாவுக்காக ஒரு கிலோ கொண்டுவர வேண்டும். அங்கேயும் ஈரக்காற்றுதானே! எண்ணெய்த்தாளில் சுற்றினால் போதுமா, இறுக மூடும் டப்பா வேண்டுமா? அப்புறம், மேலே வெள்ளையாகப் பூத்திருப்பதைச் சீவிவிடலாமா? வீட்டில் சோப்பு காய்ச்சுகிறவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.