திருச்சியில் நான் போய்வரும் ஒரு நாணயக் கடை

பழைய நாணயம், தபால்தலை, தீப்பெட்டிப் படம் என்று சேர்ப்பவர்களுக்கு இன்று கைபேசியிலேயே சந்தை விரிந்து கிடக்கிறது. இருந்தாலும், பொருளைக் கையில் வாங்கி, விளிம்பைத் தடவிப் பார்த்து, மனத்துக்கு ஒப்பவில்லை என்றால் அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பும் வசதி கடையில் மட்டும்தான் உண்டு. திருச்சி மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள வீதிகளில் ஒன்றில், நகைக்கடைகளுக்கும் பாத்திரக்கடைகளுக்கும் இடையே குறுகலான மாடிப்படி ஏறிச் சென்றால் அத்தகைய கடை ஒன்று இருக்கிறது. பெயரைச் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும் என்பதால் தவிர்க்கிறேன்; அந்தப் பக்கம் நாணயம் தேடி அலைந்தவர்களுக்கு எது என்று புரிந்துவிடும்.

இரண்டு கண்ணாடி அலமாரிகள், ஒரு மேசை, அதன்மேல் நகைக்கடைகளில் இருப்பது போன்ற மின்னணுத் தராசு, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் உருப்பெருக்கி, ஒரு காந்தம். கடையின் சொத்து பெரும்பாலும் அலமாரியில் இல்லை. மேசைக்கு அடியில் இருக்கும் மரப்பெட்டிகளில்தான் இருக்கிறது. அவற்றில் ஒன்றில் அலுமினியக் காசுகள் குவிந்து கிடக்கும்: அறுகோண வடிவ மூன்று பைசா, சதுரமான ஐந்து பைசா, ஓரம் வளைந்து வளைந்து செல்லும் பத்து பைசா. எதை எடுத்தாலும் ஒரே விலை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கிளறலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை. பள்ளி விட்டு வரும் பையன்கள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஆண்டுக்குக் கீழே, எந்த ஊர் நாணயச்சாலையில் அடித்த காசு என்று காட்டும் குறியைத் தேடுவார்கள். நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், சாய்சதுரம் இருந்தால் மும்பை, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா, 1988-க்குப் பிறகு வந்த காசில் சிறு புள்ளி இருந்தால் நொய்டா. இதைப் புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்வதற்கும், நூறு காசுகளைப் புரட்டிப் பார்த்துக் கண் தானாகவே பழகுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. 1957 முதல் 1963 வரையிலான காசில் ‘நயா’ (புதிய) என்ற சொல் இருப்பதும் 1964-இல் அது மறைந்துவிடுவதும் எனக்கு மனத்தில் பதிந்தது அந்தப் பெட்டிகளின் முன்னால்தான்.

கடைக்காரர் அறுபதைக் கடந்தவர். ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த ஒருவர் ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட 1939-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் ஒன்றை விற்பதற்குக் கொண்டுவந்திருந்தார். அந்த ஆண்டு ரூபாய் மிகவும் அரிது என்பதும், அதனாலேயே போலிகள் ஏராளம் என்பதும் நாணயம் சேர்ப்பவர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். கடைக்காரர் முதலில் அதைத் தராசில் வைத்தார். 11.66 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் ஏறக்குறைய அதே எடைதான் காட்டியது. காந்தத்தில் ஒட்டவில்லை. நான் அசல் என்றே நினைத்தேன். அவரோ உருப்பெருக்கியை வைத்துக் கடைசி எண்ணான 9-ஐ மட்டும் வெகுநேரம் பார்த்துவிட்டு, என்னையும் பார்க்கச் சொன்னார். மற்ற மூன்று எண்களின் ஓரமும் கூர்மையாக எழுந்து நிற்க, 9-இன் அடிப்பகுதியில் மட்டும் சுற்றியிருந்த வெள்ளி சற்றே தாழ்ந்து, மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடின. யாரோ 8-இன் ஒரு பக்கத்தைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். வெள்ளி அசல், எடை அசல், அச்சும் அசல். ஆண்டு மட்டும் பொய். “காந்தத்தை மட்டும் நம்பாதீங்க சார், 1947 ரூபாய் நிக்கல், அது ஒட்டினாத்தான் அசல்” என்று சொல்லிவிட்டு, வந்தவரிடம் வெள்ளி விலைக்குக் கேட்டார். அவர் கொடுக்க மனமில்லாமல் எடுத்துக்கொண்டு போனார்.

ஆனால் இந்தக் கடைமேல் எனக்கு மரியாதை கூடியது வேறொரு சம்பவத்தால். வயதான அம்மா ஒருவர், சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த பத்து ரூபாய் நாணயம் ஒன்றை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். 2012-இல் வெளியான வைஷ்ணோதேவி உருவம் பொறித்த நினைவு நாணயம் அது.

“தம்பி, இத லட்ச ரூபாய்க்கு எடுத்துக்கிறாங்களாமே? பேரன் செல்போன்ல காட்டினான். போன் பண்ணினா, பதிவுக் கட்டணம் முதல்ல கட்டணுமாம்.”

கடைக்காரர் பதில் சொல்லாமல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து மேசையில் கவிழ்த்தார். அதே நாணயம் ஒரு குவியலாகக் கொட்டியது. “பாருங்கம்மா, எங்கிட்டயே இவ்வளவு கிடக்கு. லட்சம் வந்தா நான் ஏன் இந்த மாடியில உக்காந்திருக்கேன்? ஒத்த ரூபாகூட அனுப்பிடாதீங்க.” அந்த அம்மா முகம் வாடியது உண்மைதான். பழைய நாணயங்களை வாங்குவதாகச் சொல்லித் தன் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்திக் கட்டணம் கேட்கும் மோசடிகளை ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. ஆயினும் அந்த அறிக்கை போய்ச் சேராத வீடுகளே அதிகம் என்பதால், அந்த டப்பா செய்கிற வேலை சிறியதன்று.

ராமர் பட்டாபிஷேகமும் அனுமாரும் பொறித்து ‘கிழக்கிந்தியக் கம்பெனி 1818’ என்று போட்டிருக்கும் செம்புக் காசுகளும் இப்படித்தான் வருகின்றன. அரிசியை இழுக்கும் சக்தி கொண்டவை என்று சொல்லி லட்சக்கணக்கில் ஏமாற்றும் கும்பல்களின் கையில் இருப்பவை பெரும்பாலும் இவையே. கம்பெனி இப்படியொரு காசை அடித்ததே இல்லை. (சென்னையில் அவர்கள் அடித்த தங்க வராகன்களில் பெருமாள் உருவம் இருந்தது என்பது வேறு கதை, அதை வைத்துத்தான் சிலர் வாதாடுவார்கள்.) கடைக்காரர் இவற்றைத் தனியாக ஒரு தட்டில், ‘பொம்மைக் காசு’ என்று எழுதி ஒட்டி, பித்தளைச் சாமான் விலைக்கு விற்கிறார்.

சோழர், பாண்டியர் காசுகளைப் பொறுத்தவரை அவர் காட்டும் கண்டிப்பு சிலருக்கு எரிச்சலூட்டும். கரூர் அமராவதி ஆற்றுமணலில் கிடைத்தது என்று காகிதத்தில் மடித்துக் கொண்டுவருபவர்களிடம் எங்கே, எப்போது, யாரிடமிருந்து என்று கேட்பார். மண்ணுக்குள் புதைந்திருந்த பானையில் கிடைத்தது என்று தெரிந்தால் தொடவே மாட்டார். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். நூறாண்டைக் கடந்த நாணயங்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களுக்கு ராஜராஜன் காசைப் பரிசாக அனுப்ப நினைப்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது.

குறையும் சொல்ல வேண்டும். எந்தப் பொருளிலும் விலை எழுதியிருக்காது. முகத்தைப் பார்த்து விலை சொல்கிறாரோ என்ற ஐயம் எனக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிய செப்புக் காசுகளும் அலமாரியில் இருக்கின்றன. கேட்டால், வாங்குகிறவர்கள் பளபளப்பைத்தானே கேட்கிறார்கள் என்கிறார். காலப்போக்கில் படிந்த பழுப்பு நிறம் போய்விட்டால் அந்தக் காசு சேகரிப்பாளருக்குப் பாதி மதிப்பும் பெறாது என்பது அவருக்குத் தெரியாததன்று. அவர் விற்கும் மலிவான ஆல்பங்களையும் வாங்காதீர்கள். பிவிசி என்ற பிளாஸ்டிக் கலந்த உறைகளில் நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் காசின்மேல் பச்சைப் பிசுபிசுப்பு ஏறிவிடுகிறது. அட்டை உறையே போதும்.

போக விரும்புகிறவர்கள் முற்பகலில் போங்கள். மாலையில் பையன்கள் கூட்டம் நிரம்பிவிடும், நின்று பேச நேரம் கிடைக்காது. அலமாரியைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், மேசைக்கு அடியில் உள்ள பெட்டிகளைக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் கேட்காமல் அவராக எடுத்து வைக்க மாட்டார்.