சதையிச் சிறுதீவுகளும் இன்சுலின் ஜீனும்: தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக் கொடுக்கிறேன். எல்லாக் கலத்திலும் ஒரே டிஎன்ஏ இருந்தும் சதையியில் (கணையத்தில்) ஹோர்மோன் சுரக்கும் கலக்கூட்டங்களான சிறுதீவுகளில் பீட்டாக் கலம் இன்சுலினையும் அல்பாக் கலம் குளுக்ககன் என்ற ஹோர்மோனையும் சுரப்பது ஏன் என்று கேட்டார்கள். பிரதியாக்கக் காரணிகளால் (டிஎன்ஏயில் ஒட்டி ஜீனை இயக்கும் அல்லது அடக்கும் புரதங்களால்) என்று சொல்லிவிட்டேன். பிறகு வாசிக்கப் போய்த்தான் சிக்கல்.

இன்சுலின் ஜீனின் முன்பகுதியில் பிடிஎக்ஸ்1, நியூரோடி1, மாஃப்ஏ என்ற மூன்று காரணிகளும் தத்தம் இடத்தில் ஒட்டிச் சேர்ந்து வேலை செய்யும்போதுதான் ஜீன் பலமாக இயங்குகிறது. சரி. ஆனால் பிடிஎக்ஸ்1 சிறுதீவின் இன்னொரு வகையான டெல்டாக் கலத்திலும் இருக்கிறதே! அங்கே அது சோமற்றோஸ்டாட்டின் என்ற ஹோர்மோனின் ஜீனைத்தான் தூண்டுகிறது. அங்கே இன்சுலின் வராததற்கு மாஃப்ஏ இல்லாதது மட்டும்தான் காரணமா, அந்த இடத்தில் குரோமாட்டின் (புரதங்களில் சுற்றிய டிஎன்ஏ இழை) இறுகிக் கிடப்பதுமா?

மாஃப்ஏயின் இனமான மாஃப்பி என்ற காரணி இன்னும் குழப்புகிறது. வளர்ந்த எலியில் அல்பாக் கலத்தோடு நின்றுவிடுகிறது; மனிதரில் பீட்டாவிலும் இருக்கிறது. நான் பார்த்த படங்களெல்லாம் எலியை வைத்து வரைந்தவை போலும்.

மருத்துவபீட அண்ணாமார், அக்காமார், மூலக்கூற்று உயிரியல் படித்தவர்கள் யாராவது விளக்குங்கள். குரல்பதிவாக அனுப்பினாலும் சரி. மனிதக் கலங்களுக்கான படம் இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த வகுப்பு ஞாயிற்றுக்கிழமை.