தானாக ஒப்புக்கொண்டாராம்! மாரிஸ் ஓல்ட்ஃபீல்ட் ரசிகர்களுக்கு ஒரே ஒரு கேள்வி

தணிக்கைத் தாத்தா
நேற்று இன்னொரு இழையில் நம்ம ஈஸ்ட்ஹாம் இளங்கோ ஒரு புகழஞ்சலி எழுதியிருந்தார். மாரிஸ் ஓல்ட்ஃபீல்ட், 1973 முதல் 1978 வரை பிரிட்டனின் வெளிநாட்டு உளவுத்துறையான எம்ஐ6-இன் தலைவர். டெர்பிஷயரில் குத்தகை விவசாயி வீட்டில் பதினோரு பிள்ளைகளில் மூத்தவர், உதவித்தொகையில் மான்செஸ்டரில் படித்தவர், கிராமத்துத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். அதெல்லாம் சரி, நானும் மறுக்கவில்லை. கடைசி வரிதான் உறுத்துகிறது: "தன் ரகசியத்தைத் தானாக முன்வந்து ஒப்புக்கொண்ட மனிதர், இன்றைய பிரிட்டிஷ் அரசியல்வாதிகள் இவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்."

தானாகவா? 1987 ஏப்ரலில் பிரதமர் தாட்சர் நாடாளுமன்றத்துக்குத் தந்த பதிலைப் படித்தீர்களா இல்லையா? ஓல்ட்ஃபீல்டைப் பற்றி அரசுக்குச் சில தகவல்கள் வந்தன, அதைத் தொடர்ந்து 1980 மார்ச்சில் தனக்கு ஓரினச் சேர்க்கைப் பழக்கம் இருந்ததை அவர் ஒப்புக்கொண்டார், பாதுகாப்புச் சான்று பறிக்கப்பட்டது. இதுதான் சாரம். தகவல் வந்தது முதலில், ஒப்புதல் வந்தது பிறகு. அதற்கு முன்னால் ஒவ்வொரு பின்புலச் சரிபார்ப்பிலும் அதை மறைத்திருக்கிறார். அடுத்தவன் பொய் சொல்கிறானா என்று பார்க்கும் துறைக்கே தலைவர்! இதில் தானாக எங்கே வந்தது?

ஈஸ்ட்ஹாம் இளங்கோ
வணக்கம் தாத்தா. போன வருடம் சர்ச்சில் இழையில் வாங்கிக்கட்டிக்கொண்டது இன்னும் ஆறவில்லை போல.

தகவல் வந்தது என்றால் ஆதாரம் வந்தது என்று யார் சொன்னது? காற்றுவாக்கில் வரும் பேச்சும் தகவல்தான். மனிதருக்கு அப்போது 64 வயது, உடம்பு வேறு சரியில்லை. ஓய்வு பெற்று ஆக்ஸ்ஃபோர்டில் நிம்மதியாக இருந்தவரை, 1979 ஆகஸ்டில் ஒரே நாளில் மவுண்ட்பேட்டனும் வாரன்பாயின்ட்டில் 18 ராணுவ வீரர்களும் கொல்லப்பட்ட பிறகு, வட அயர்லாந்துக்குப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராகப் போங்கள் என்று கூப்பிட்டதே தாட்சர்தான். போனார். பிரிட்டனை எதிர்த்த ஐரிஷ் ஆயுதக் குழு ஐஆர்ஏ தன்னைத் தேடுகிறது என்று தெரிந்தே போனார், 1975 அக்டோபரில் அவர் குடியிருந்த ஃபிளாட்டுக்குக் கீழே உணவகத்துக் கம்பியில் குண்டு தொங்கியதே, அது வெடித்திருந்தால் இந்த இழையே இல்லை. அப்பேர்ப்பட்டவர் கேட்டவுடன் "இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. அதைத்தான் தானாக என்றேன், இப்போதும் சொல்கிறேன்.

தணிக்கைத் தாத்தா
"கேட்டவுடன்" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். கேட்ட பிறகு சொன்னால் அது பதில் தம்பி, தானாக இல்லை.

நான் 31 வருடம் தணிக்கையில் குப்பை கொட்டியவன். பெட்டியில் பணம் குறைகிறது என்று நான் பேரேட்டைப் பிரிப்பேன், உடனே காசாளர் "நானே உங்களிடம் சொல்லணும்னு இருந்தேன் சார்" என்பார். எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! அறிக்கையில் அதைத் தானாக ஒப்புக்கொண்டார் என்று நான் எழுதியிருந்தால் என் மேலதிகாரி என்னைத்தான் முதலில் விசாரித்திருப்பார்.

சிங்கை செல்வி
காசாளர் திருடியது பணம். இவர் எதைத் திருடினார்? தாத்தா இந்த உதாரணத்தை எடுத்ததிலேயே எல்லாம் தெரிகிறது.

ஓல்ட்ஃபீல்ட் எம்ஐ6-இல் சேர்ந்தது 1947. அன்றைக்கு ஓரினச் சேர்க்கை சிறைத்தண்டனைக் குற்றம். 1967-இல்தான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம் தளர்ந்தது, அதுவும் 21 வயது தாண்டிய இருவர் நான்கு சுவருக்குள் என்ற நிபந்தனையோடு. அவர் கடைசியாக வேலை பார்த்த வட அயர்லாந்தில் 1982 வரை குற்றம்தான். 1950களில் இரண்டு முறை சிங்கப்பூரில் இருந்தார், எங்கள் ஊரில் வெள்ளைக்காரன் 1938-இல் அதே குற்றத்துக்கு எழுதி வைத்த 377ஏ பிரிவை நாங்கள் நீக்கியதே 2022-இல். படிவத்தில் உண்மையை எழுதியிருந்தால் வேலை போவதோடு நின்றிருக்காது. உண்மை சொன்னால் சிறை, சொல்லாவிட்டால் பொய்யன் என்று பட்டம். வசதியான தணிக்கை ஐயா இது.

தணிக்கைத் தாத்தா
1967-க்குப் பிறகு லண்டனில் சிறை இல்லையே? 1973-இல் தலைமைப் பதவியைக் கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே? யார் கையைப் பிடித்து இழுத்தார்கள்?

சிங்கை செல்வி
சிறை இல்லை, ஆனால் ஓரினச் சேர்க்கையாளர்களை வேலைக்கு எடுக்கத் தடை இருந்தது. உளவுத்துறையில் அந்தத் தடை 1991 வரை இருந்தது. 2021-இல் எம்ஐ6 தலைவர் ரிச்சர்ட் மூர் அதற்காக வெளிப்படையாக மன்னிப்பே கேட்டார். தவறு எங்கள் பக்கம் என்று அந்தத் துறையே சொன்ன பிறகு நீங்கள் யாருக்காக வாதாடுகிறீர்கள்?

தணிக்கைத் தாத்தா
மன்னிப்பு கேட்டது 2021. நான் கேட்பது 1980 மார்ச். தானாகச் சொன்னாரா, கேட்டுச் சொன்னாரா? அதற்கு மட்டும் ஒருவரும் பதில் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்.

சொல்லேர்
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஓல்ட்ஃபீல்ட் என்று எழுதுவது தமிழ் முறைக்கு ஒவ்வாது. ஆய்தத்தைப் பகரத்துக்கு முன்னால் போட்டு ஒரு புதிய ஒலியை உண்டாக்குவது அண்மைக்கால வழக்கம். ஓல்டுபீல்டு என்பதே சரி.

ஈஸ்ட்ஹாம் இளங்கோ
ஐயா, ஓல்டு பீல்டு என்றால் பழைய வயல் என்று யாராவது மொழிபெயர்க்கக் கிளம்பிவிடுவார்கள். விட்டுவிடுங்கள்.

குமாஸ்தா
ஒரு சின்ன விஷயம். நேர்மை என்று எதைச் சொல்கிறோம் என்று முதலில் பேசிக்கொண்டால் நல்லது. பணம் வாங்கிக்கொண்டு நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்ட விவகாரம் வெடித்ததும், 1994-இல் பிரதமர் ஜான் மேஜர் நீதிபதி நோலன் தலைமையில் குழு போட்டார். 1995-இல் பொதுவாழ்வுக்கு ஏழு கோட்பாடுகள் வந்தன. அதில் நேர்மை என்பது ஒன்று, உண்மை பேசுதல் என்பது வேறொன்று. நேர்மை என்றால் உங்கள் வேலையை வளைக்கக்கூடிய யாருக்கும் கடன்படாமல் இருப்பது. அந்தக் கணக்கில் ஓல்ட்ஃபீல்ட் தேறுகிறார், ஏனென்றால் விசாரணையில் பாதுகாப்பு மீறப்பட்டதற்கு எந்தத் தடயமும் இல்லை என்று அதே தாட்சர்தான் சொன்னார். உண்மை பேசுதலில் தேறவில்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் இவ்வளவு நேரம்...

தணிக்கைத் தாத்தா
1981-இல் செத்துப்போனவரை 1995 படிக்கல் வைத்து நிறுக்காதீர்கள் குமாஸ்தா. தாட்சரின் பதிலில் பாதியை மட்டும் படிக்கவும் வேண்டாம்.

ஈஸ்ட்ஹாம் இளங்கோ
பாதியைப் படிப்பது நீங்கள்! அதே பதிலில், பல உளவு வெற்றிகளுக்கு இவர் பங்கு பெரிது, பாதுகாப்பு மீறல் இருந்திருந்தால் அவை நடந்தே இருக்காது என்றும் இருக்கிறது. அதை ஏன் உங்கள் முதல் பதிவில் போடவில்லை? மறைத்தீர்களா? யாரும் கேட்காததால் சொல்லவில்லையா? 😄

அப்புறம், ப்ளண்ட்டை மறந்துவிட்டீர்களே. அந்தோணி ப்ளண்ட் சோவியத் ஒற்றன் என்று 1964-இலேயே ஒப்புக்கொண்டான், வழக்கு போட மாட்டோம் என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டுதான் வாயைத் திறந்தான். அதன் பிறகும் 1972 வரை அரசியின் ஓவியங்களுக்குக் காப்பாளர், கூடவே சர் பட்டம். 1979 நவம்பரில் தாட்சர் போட்டு உடைத்த பிறகுதான் பட்டம் போனது. நாட்டை விற்றவனுக்குப் பதினைந்து வருடம் மூடி போட்டார்கள், நாட்டுக்கு உழைத்தவனை அடுத்த நான்கே மாதத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார்கள். உங்கள் தணிக்கை எங்கே போக வேண்டும் தாத்தா?

தணிக்கைத் தாத்தா
பக்கத்து வீட்டுக்காரன் களவாணி என்பதால் என் வீட்டுக் கணக்கு சரியாகிவிடுமா? ப்ளண்ட் அயோக்கியன்தான். அவன் வாயைத் திறந்ததும் தானாக இல்லை, இவர் திறந்ததும் தானாக இல்லை. அந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒரே தட்டு.

சிங்கை செல்வி
ஒரே தட்டா?! இதை அழித்துவிடுங்கள் ஐயா, உங்கள் வயசுக்கு அழகில்லை.

தணிக்கைத் தாத்தா
அழிக்க மாட்டேன். எழுதியதை அழிப்பது எனக்குப் பழக்கமில்லை. வயசை இழுப்பதுதான் உங்கள் ஊர் வாதமா?

சும்மா வந்தவன்
எல்லாரும் செத்தவரையே தோண்டுகிறீர்கள். நாற்பத்தைந்து நிமிடத்தில் சதாம் பேரழிவு ஆயுதத்தால் தாக்குவார் என்று 2002 செப்டம்பரில் பிரிட்டிஷ் அரசின் ஆவணம் வெளியானபோது கூட்டு உளவுக் குழுத் தலைவராக இருந்த ஜான் ஸ்கார்லெட்டை 2004-இல் எம்ஐ6 தலைவராகவே உட்கார வைத்தார்கள். போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றத்தை வேண்டுமென்றே தவறாக வழிநடத்தினார் என்று 2023 ஜூனில் குழு சொன்னது, அவர் அதற்குள் ராஜினாமா செய்துவிட்டுப் பத்திரிகையில் பத்தி எழுதப் போய்விட்டார். இதைப் பேசுங்களேன்.

தணிக்கைத் தாத்தா
ஜான்சன் தானாகப் போனார். ஹா ஹா. இளங்கோ அகராதிப்படி அதுவும் நேர்மை.

ஈஸ்ட்ஹாம் இளங்கோ
இதுதான் உங்கள் தரம். சரி.

பெயர் வேண்டாம்
நான் எப்போதும் வாசிப்பவன், எழுதுவதில்லை. 2000களில் ஒரு அலுவலகத்தில் சேர்ந்தபோது படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பினேன். அப்புறம் இருபது வருடம் மதியச் சாப்பாட்டு மேஜையில் அதே கட்டத்தைத் தினமும் நிரப்பிக்கொண்டிருந்தேன், எப்ப கல்யாணம், ஜாதகம் வந்ததா, என்று. இந்தியாவில் அது குற்றமில்லை என்று 2018 செப்டம்பர் தீர்ப்பு வந்த அன்றைக்கும் அதே மேஜை, அதே பொய். யாரும் நேரடியாகக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவர் சொல்லிவிட்டார். அவ்வளவுதான் எழுத நினைத்தேன்.

ஈஸ்ட்ஹாம் இளங்கோ
பார்த்தீர்களா தாத்தா? இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பெயர் வேண்டாம்
இளங்கோ அண்ணா, என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். நான் உங்கள் கட்சி என்று எழுதவில்லை.

தணிக்கைத் தாத்தா
தம்பி, உங்கள் விஷயம் வேறு, உங்களை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் உளவுத்துறைத் தலைவர் இல்லை. அவருக்குக் கீழே இருந்த ஒரு குமாஸ்தா (நம்ம குமாஸ்தாவைச் சொல்லவில்லை) அதே பொய்யில் பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்றே வீட்டுக்கு. அந்த விதியை மேலே உட்கார்ந்து நடத்தியவர் யார்? இவர்தானே? தனக்கு ஒரு விதி, ஊழியருக்கு ஒரு விதி என்று வைத்துக்கொண்டவருக்கு அஞ்சலியில் 'தானாக' என்று வேறு சேர்க்க வேண்டுமா?

சிங்கை செல்வி
இது ஒன்றுதான் நீங்கள் உருப்படியாகக் கேட்ட கேள்வி. ஆனால் அதையும் கொண்டுபோய் அந்த 'தானாக'விலேயே முட்டினீர்களே.

உண்மையில் எனக்கு இவரைப் புகழ வேறு காரணத்தால் வாய் வரவில்லை. இவர் சிங்கப்பூரில் இருந்த காலம், மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரநிலைக் காலம். ரப்பர் தோட்டத்து லயங்களைக் கூட்டி முள்வேலிக்குள் அடைத்த கதையை என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த ஆட்சிக்கு ஒற்று வேலை பார்த்தவர்களின் நேர்மையை நாம் எதற்கு எடை போட்டுக்கொண்டிருக்கிறோம்?

ஈஸ்ட்ஹாம் இளங்கோ
அக்கா நீங்கள் எந்தப் பக்கம்? இப்போதுதானே அவருக்காகப் பேசினீர்கள்?

சிங்கை செல்வி
நான் சட்டத்துக்கு எதிராகப் பேசினேன். பக்கம் பிரித்துக்கொடுக்கும் வேலையை யார் உங்களிடம் கொடுத்தது?

குமாஸ்தா
மறுபடியும் சொல்கிறேன், நேர்மை வேறு, உண்மை பேசுதல் வேறு என்று பிரித்துவிட்டால்...

சொல்லேர்
நோலன் என்பதா, நோலான் என்பதா என்றும் முடிவு செய்ய வேண்டும்.

தணிக்கைத் தாத்தா
குமாஸ்தா பிரித்துக் காட்டுவதை அவர்கள் எப்போதோ செய்துவிட்டார்கள். 1986-இல் சிட்னி நீதிமன்றத்தில் அமைச்சரவைச் செயலாளர் ராபர்ட் ஆர்ம்ஸ்ட்ராங் கூண்டில் நின்று, பொய் இல்லை, உண்மையைக் கொஞ்சம் சிக்கனமாகக் கையாண்டது என்ற மாதிரி சொல்லி உலகமே சிரித்தது. அந்த ஊர் அகராதியில் பொய்க்குப் பெயர் சிக்கனம், மாட்டிக்கொண்டதற்குப் பெயர் தானாக. நம்ம ஊர் ஆட்கள் அங்கே பத்து வருடம் வரி கட்டினால் போதும், அகராதியும் கூடவே ஒட்டிக்கொள்கிறது.

ஈஸ்ட்ஹாம் இளங்கோ
வரி வரைக்கும் வந்தாயிற்றா? நான் இங்கே இருப்பது 22 வருடம், பத்து இல்லை. கணக்கில் கூட தப்பு. 31 வருடத் தணிக்கை!

தணிக்கைத் தாத்தா
22 என்று யாராவது கேட்டார்களா? பாருங்கள், இதுதான் தானாகச் சொல்வது. இப்போது வித்தியாசம் புரிந்திருக்குமே.

ஈஸ்ட்ஹாம் இளங்கோ
நாளைக்கு அலுவலகம் இருக்கிறது. அஞ்சலியில் ஒரு எழுத்தைக்கூட மாற்றப் போவதில்லை. தானாகத்தான் சொன்னார்.

தணிக்கைத் தாத்தா
கேட்ட பிறகு.

சும்மா வந்தவன்
அவருக்கு முன்னால் தலைவராக இருந்த ரென்னி, மகன் போதைப்பொருள் வழக்கில் சிக்கி விலகினாரே, அவர் தானாகவா?

தணிக்கைத் தாத்தா
அதற்குத் தனி இழை போடுங்கள், காலையில் வருகிறேன். சொல்லேர் ஐயாவுக்கு: பெயர் நோலன்தான், நான் விசாரித்துவிட்டேன்.

சொல்லேர்
யாரிடம் விசாரித்தீர்கள்?