கண்மாய் நீர் ஆய்வுக்கு நிதி கேட்டு இரண்டு முறை நிராகரிப்பு: எங்கே தவறுகிறேன்?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கலைக் கல்லூரி ஒன்றில் புவியியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். வேலைக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. முனைவர் பட்டம் தொலையுணர்வில் (செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தை ஆராய்வது) வாங்கினேன்.

எங்கள் கல்லூரியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் பத்து நிமிடத்தில் ஒரு கண்மாய் வந்துவிடும். பாதிக்குமேல் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. என் மாணவர்களில் பலர் ஆயக்கட்டு விவசாயிகளின் பிள்ளைகள். இந்தக் கண்மாய்கள் பற்றி உருப்படியாக ஓர் ஆய்வு செய்ய வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை.

இரண்டு முறை ஒரு மத்திய நிதி அமைப்புக்கு விண்ணப்பித்தேன். தலைப்பு: ‘தென் தமிழ்நாட்டின் நீர்வள மேலாண்மையில் தொலையுணர்வின் பங்கு’. மூன்று ஆண்டுகளுக்கு 38 லட்சம் ரூபாய் கேட்டிருந்தேன். அதில் 24 லட்சம் ட்ரோன், நீர்ப் பகுப்பாய்வுக் கருவி, கணினிகளுக்கு. முதல் முறை காரணமே சொல்லவில்லை. இரண்டாவது முறை ‘பரப்பு மிக விரிவானது, ஆய்வுக் கேள்வி தெளிவாக இல்லை, நிறுவனத்தில் வசதி போதாது’ என்று மூன்று வரி வந்தது.

கலைக் கல்லூரி என்பதால்தான் தள்ளுகிறார்களா? வேறு எங்கே கேட்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய நீரியலாளர் எழுதியது:

வணக்கம் மேடம். பல்கலைக்கழகத்தில் இருந்தபோது இதுபோன்ற முன்மொழிவுகளை மதிப்பிடும் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். கலைக் கல்லூரி என்பது மட்டும் காரணமாக இருக்காது. உங்கள் தலைப்பைப் படித்ததும் மதிப்பீட்டாளர் மனத்தில் எழுவது ஒரே கேள்விதான்: மூன்று ஆண்டு முடிவில் இன்று தெரியாத எந்த ஒன்று தெரிந்திருக்கும்? அந்தத் தலைப்பில் அதற்குப் பதில் இல்லை.

உங்கள் வாசலிலேயே ஒரு நல்ல கேள்வி கிடக்கிறது. இந்தியாவில் நிலத்தடி நீரை மதிப்பிட 2015 வழிமுறை ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022 மதிப்பீட்டில் அதை ஃபிர்கா (வருவாய் உள்வட்டம்) வாரியாக, 1,166 ஃபிர்காக்களுக்குச் செய்தார்கள். களத்தில் அளந்த மதிப்பு இல்லாத இடத்தில், ஏரி குளங்களில் தண்ணீர் நிற்கும் காலத்தில் சராசரி நீர்ப்பரப்பின் மீது நாளொன்றுக்கு 1.4 மில்லிமீட்டர் தண்ணீர் மண்ணுக்குள் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது அந்த வழிமுறை. வண்டல் மூடிய கண்மாய்க்கும் அதே எண், போன வருடம் தூர்வாரிய கண்மாய்க்கும் அதே எண்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 ஹெக்டேர் நீர்ப்பரப்பு, 120 நாள் தண்ணீர் என்றால் 1.4 வீதத்தில் 1,68,000 கன மீட்டர். உண்மையில் 4 மில்லிமீட்டர் இறங்குகிறது என்று வையுங்கள், அது 4,80,000 கன மீட்டர். அந்தப் பகுதியின் நிலத்தடி நீர் வரவுக் கணக்கே மாறிவிடும். ‘தூர்வாரிய, தூர்வாராத கண்மாய்களில் நீர் கீழிறங்கும் வீதம் எவ்வளவு வேறுபடுகிறது?’ என்று கேளுங்கள். விவசாயிகளும் மண்பாண்டம் செய்பவர்களும் வண்டல் எடுக்க அரசு இலவசமாக அனுமதி தருகிற காலம் இது. பதில் உடனே பயன்படும்.

இதில் நீங்கள் மறைக்காமல் எழுத வேண்டிய ஒரு பக்கமும் உண்டு. வண்டலை அடிவரை வழித்து மணல் தெரிய வைத்தால் கிணற்றுக்காரருக்கு நல்லது. மடைப் பாசனத்தை நம்பி நெல் போட்டவருக்குத் தை மாதத்திலேயே கண்மாய் வற்றிவிடலாம். இரண்டு பேருடைய நலனையும் எண்ணிப் பார்த்த முன்மொழிவை எந்தக் குழுவும் எளிதில் ஒதுக்காது.

வைகைக்கரை எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. இப்படி ஒரு கோணத்தை நான் யோசிக்கவே இல்லை. ஆனால் கசிவை அளக்க விலை உயர்ந்த கருவி தேவைப்படாதா? அந்தப் பயத்தில்தான் 24 லட்சம் போட்டேன்.

பழைய நீரியலாளர் எழுதியது:

தேவையில்லை. ஓர் அளவுகோல், ஒரு மழைமானி, ஓர் ஆவியாதல் தொட்டி, நோட்டுப் புத்தகத்தோடு ஒழுங்காக வரும் ஓர் ஆள். மழையில்லாத, வரத்துக்காலில் தண்ணீர் வராத, மடை மூடிய நாட்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் நீர்மட்டம் குறைந்த அளவை ஆவியாதலோடு சேர்த்து வரைபடம் போடுங்கள். ஆவியாதல் பூஜ்ஜியமாகும் இடத்தில் கோடு எங்கே வெட்டுகிறதோ அதுதான் கசிவு. ஒரு நாள் அளவை நம்ப வேண்டாம். 1.4 மில்லிமீட்டரைக் கண்ணால் படிக்க முடியாது. வாரக் கணக்கில் பார்த்தால் பிழை சுருங்கிவிடும்.

தொலையுணர்வும் வீணாகாது. நீர்ப்பரப்பு வாரா வாரம் எவ்வளவு என்பது சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் 10 மீட்டர் நுணுக்கத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைக்குமே, அப்போது சென்டினல்-1 ரேடார் படத்தைப் பயன்படுத்துங்கள். ட்ரோனை வெட்டிவிடலாம்.

கிணறுகள் பற்றி ஒரு வார்த்தை. மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளில் பெரும்பாலானவற்றை வருடத்துக்கு நான்கு முறைதான் அளக்கிறது. கண்மாய் நிரம்பியதும் பக்கத்துக் கிணறு ஏறுவது அதில் தெரியாது. கண்மாயின் கீழ்ப்புறம் பத்துப் பதினைந்து விவசாயக் கிணறுகளை நீங்களே வாரம் ஒரு முறை அளக்க வேண்டும். கிணற்றில் வருவது கண்மாய் நீர்தானா என்று கேட்பார்கள். வெயிலில் ஆவியானது போக மிஞ்சிய நீரில் கனமான ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஐசோடோப்புகளின் பங்கு கூடியிருக்கும், அந்த அடையாளம் கிணற்று நீரிலும் தொடரும். மாதிரிகளை ரூர்க்கி தேசிய நீரியல் நிறுவனம் போன்ற ஆய்வகத்தோடு சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் கருவி வாங்க வேண்டியதில்லை.

தாமிரபரணிப்பிள்ளை எழுதியது:

எங்கே கேட்கலாம் என்பதற்கு என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன் மேடம். நானும் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரிதான்.

முன்பு செர்ப் (மத்திய அரசின் அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம்) என்று இருந்தது இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் வந்துவிட்டது. அதன் சட்டம் 2023இல் நிறைவேறியது. பழைய செர்ப் பெயரில் இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளைப் பார்த்து விண்ணப்பம் தயாரிக்க வேண்டாம். பிரதமர் பெயரில் உள்ள இளம் ஆய்வாளர் நிதி, பணியின் தொடக்க ஆண்டுகளில் இருப்பவர்களுக்கானது. ஒன்பது ஆண்டு ஆன உங்களுக்கு அதில் நேரம் செலவிடத் தேவையில்லை.

உங்களுக்குப் பொருந்துவது செர்ப் காலத்தில் வந்த ‘டேர்’ திட்டம் என்று நினைக்கிறேன். மாநிலப் பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர்கள் ஐ.ஐ.டி., என்.ஐ.டி., தேசிய ஆய்வகம் போன்ற ஓரிடத்தோடு சேர்ந்து செய்வது. நான் சேர்ந்தபோது வருடத்துக்கு 5 லட்சம் வீதம் மூன்று ஆண்டு. ஆய்வு நிதியில் பாதி நம் கல்லூரிக்கு, பாதி அங்கே. வருடத்தில் குறைந்தது 90 நாள் அங்கே இருக்க வேண்டும். கோடை விடுமுறையை முழுசாக அங்கே வைத்தேன், மழைக்காலத்தில் ஊரிலேயே களவேலை செய்தேன். ‘நிறுவனத்தில் வசதி போதாது’ என்ற மூன்றாவது வரிக்கு இதுவே பதில். அழைப்பு எப்போது திறக்கிறது என்பதைத் தளத்தில் பார்த்துக்கொண்டே இருங்கள்.

இன்னொன்று ஜல் சக்தி அமைச்சகத்தின் நீர்த்துறை ஆராய்ச்சித் திட்டம். மேற்பரப்பு நீருக்கு ஒரு தேசியக் குழு, நிலத்தடி நீருக்கு ஒரு தேசியக் குழு. உங்கள் கேள்வி இப்போது இருக்கிற வடிவில் நிலத்தடி நீர்க் குழுவுக்கு உரியது. கண்மாய் என்றதும் மேற்பரப்புக் குழுவுக்கு அனுப்பிவிடாதீர்கள். நான் அந்தத் தவறைச் செய்து எட்டு மாதம் போனது.

மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்டத்தையும் விடாதீர்கள். தொகை சிறியது. ஆனால் இரண்டு முதுகலை மாணவர்களை வைத்து ஒரு கண்மாயில் ஒரு பருவம் அளந்து காட்டிவிட்டால், பெரிய விண்ணப்பத்தில் முன்னோட்டத் தரவு என்று போடலாம்.

கணக்குப்பிரிவு எழுதியது:

கல்லூரி அலுவலகத்தில் திட்டக் கணக்கு பார்ப்பவன். ஆய்வைப் பற்றி எனக்குத் தெரியாது, பணம் நிற்கும் இடங்கள் தெரியும்.

முதலில் உங்கள் கல்லூரிக்கு யூ.ஜி.சி. சட்டத்தின் 2(எஃப்), 12(பி) அங்கீகாரம் (மத்திய நிதி பெறும் தகுதி) இரண்டும் இருக்கிறதா என்று முதல்வரிடம் கேட்டுச் சான்றின் நகலை வாங்கி வையுங்கள். பி.எஃப்.எம்.எஸ். (மத்திய அரசு நிதி வழங்கும் இணைய அமைப்பு) பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசி நாளில் இதற்காக ஓடுபவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

ஆராய்ச்சி உதவியாளர் சம்பளம் எவ்வளவு போட்டிருந்தீர்கள்?

வைகைக்கரை எழுதியது:

மாதம் 31,000 போட்டேன் சார். பழைய விண்ணப்பம் ஒன்றைப் பார்த்து.

கணக்குப்பிரிவு எழுதியது:

அது பழைய வீதம் மேடம். 2023 ஜனவரியிலிருந்து இளநிலை ஆய்வாளருக்கு முதல் இரண்டு ஆண்டு 37,000, மூன்றாம் ஆண்டு முதுநிலையானால் 42,000. மூன்று ஆண்டுக்கு 13.92 லட்சம். வீட்டு வாடகைப் படி தனி. பழைய வீதத்தைப் பார்த்ததுமே எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது என்று மதிப்பீட்டாளர் நினைப்பார். அந்தச் சம்பளத்துக்கு நெட் அல்லது கேட் தேசியத் தகுதித் தேர்வில் தேறியவர் வேண்டும். கிராமத்துக் கிணறுகளை வாரா வாரம் அளக்க அப்படி ஒருவர் நிற்பாரா என்று யோசியுங்கள். களப்பணியாளர் ஒருவரைத் தனியாகக் கேட்பது நல்லது.

பணம் வந்த பிறகு: ஒரு செலவுத் தலைப்பில் வந்ததை அனுமதி இல்லாமல் இன்னொன்றில் செலவு செய்யாதீர்கள். பயணத்தில் மிச்சம் இருக்கிறது என்று கருவி வாங்கினால் தணிக்கையில் நிற்கும். வட்டி வந்தால் அது நமது பணம் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டும். மார்ச் 31 முடிந்ததும் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றும் செலவு அறிக்கையும் அனுப்புங்கள். அது போகாமல் அடுத்த தவணை வராது.

பழைய நீரியலாளர் எழுதியது:

தம்பி சொன்னதோடு காலத்தையும் சேர்த்து எண்ணுங்கள். உங்கள் பகுதியில் கண்மாய் நிரம்புவது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில்தான். ஜனவரியில் பணம் வந்தால் அந்தப் பருவத்தின் மழை போயிற்று. ஆகவே மூன்று ஆண்டுத் திட்டத்திலும் இரண்டு பருவ அளவீட்டை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள். ஒரு பருவம் பொய்த்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் ஒரு பத்தி எழுதுங்கள். வறண்ட கண்மாயில் உள்வாயின் (தண்ணீர் நிற்கும் உட்பகுதி) ஆழத்தை அளக்கலாம், மண் மாதிரி எடுக்கலாம். அதுவும் வேலைதான்.

ஊர் நீர்க்கட்டியிடம் (வயல்களுக்குத் தண்ணீர் பிரித்து விடுபவர்) முதலில் பேசுங்கள். எந்த வருடம் கலுங்கு (மிகுநீர் வெளியேறும் இடம்) வழிந்தது, எந்த மடையில் எத்தனை நாள் தண்ணீர் ஓடியது என்று அவர் சொல்வது உங்களுக்கு எந்த இணையதளத்திலும் கிடைக்காது. அவருக்கு மதிப்பூதியம் என்று பட்ஜெட்டில் ஒரு தொகை வையுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று முதல்வரைப் பார்த்தேன். 2(எஃப்), 12(பி) இரண்டும் இருக்கிறது. பக்கத்தில் இரண்டு கண்மாய்கள் தேர்ந்தெடுத்துவிட்டேன். ஒன்றில் போன கோடையில் வண்டல் எடுத்தார்கள், மற்றதில் யாரும் கை வைத்துப் பல வருடம் ஆகிறது. இரண்டும் ஒரே வரத்துக்காலில் அடுத்தடுத்து இருக்கின்றன. நிதிக்குக் காத்திருக்காமல் இந்த அக்டோபரிலேயே மாணவர்களோடு அளக்கத் தொடங்குகிறோம். நீர்க்கட்டி ஐயா சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம். அளவுகோலின் பூஜ்ஜியத்தை எங்கே வைப்பது? மடையின் அடிமட்டத்திலா?

பழைய நீரியலாளர் எழுதியது:

வேண்டாம். மடைக்குக் கீழே நிற்கும் தண்ணீரும் கசியும். கண்மாயின் மிக ஆழமான இடத்தில் பூஜ்ஜியம் வையுங்கள். மடையின் அடிமட்டமும் கலுங்கின் மட்டமும் அந்தக் கோலில் எத்தனை சென்டிமீட்டரில் வருகின்றன என்று லெவல் (மட்டம் பார்க்கும் கருவி) வைத்துப் பார்த்து, முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கோல் சாய்ந்தாலோ யாராவது பிடுங்கினாலோ திரும்ப நட, கலுங்குக் கல்லில் பெயிண்டால் ஒரு குறி போட்டு வையுங்கள். தண்ணீர் வருவதற்கு முன்னால், செப்டம்பருக்குள் நட்டுவிடுங்கள்.