நல்லூர்ப் பயணம்: வானுக்குள்ள கரண்ட்

தெஹிவளை மாமி: வெள்ளிக்கிழமை விடிய வானில யாழ்ப்பாணம் வெளிக்கிடுறம். லப்டொப் ஒண்டு, டப் (டப்லெட்) ரெண்டு, போன் அஞ்சு, அப்பாவின்ர நெபுலைசர் (மருந்தைப் புகையாக்கி மூச்சில இழுக்கிற மெசின்), குளிர்ப்பெட்டி. 300 வொட் இன்வேர்ட்டர் (வான் பற்றறியின்ர 12 வோல்ட்டை வீட்டுக் கரண்ட் ஆக்குற பெட்டி) ஒண்டை லைட்டர் சொக்கெட்டில குத்தினா எல்லாம் ஓடுமோ?

வெள்ளவத்தை சித்தப்பா: ஓடாது அக்கா. சொக்கெட் மூடியைப் பாருங்கோ, அனேகமா 12 வோல்ட் 120 வொட் எண்டு அடிச்சிருக்கும். பின்னால இருக்கிறது 10 இல்லாட்டி 15 அம்பியர் பியூஸ். 300 வொட்டுக்கு 25 அம்பியர் வேணும், இன்வேர்ட்டர் தின்னுறதையும் சேர்த்தா 30 கிட்ட வரும். பியூஸ் போயிடும்.

கொட்டாஞ்சேனை அண்ணா: போனா நல்லது. போகுதெண்டு 30 அம்பியர் பச்சைப் பியூஸைக் குத்துறதுதான் ஆபத்து. வயர் 15க்குப் போட்டது. டாஷ்போட்டுக்குள்ள வயர் உருகும், பியூஸ் பார்த்துக்கொண்டு இருக்கும். நீலம் 15, சிவப்பு 10. இருந்த நிறத்தையே திருப்பிப் போடுங்கோ.

தெஹிவளை மாமி: அப்ப லப்டொப்புக்கு?

கொட்டாஞ்சேனை அண்ணா: இன்வேர்ட்டரே வேண்டாம் மாமி. 12ஐ 230 ஆக்கி, சார்ஜர் அதைத் திரும்ப 20 ஆக்குறது வீண் வேலை, ரெண்டு தரம் சூடாப் போகுது. டைப் சியில சார்ஜ் ஏறுற லப்டொப் எண்டா பீ.டி. (பவர் டெலிவரி, டைப் சியில கூடின வொட் குடுக்கிற முறை) கார் சார்ஜர் ஒண்டு காணும். ஒண்டு கவனிக்கோணும்: பெட்டியில 100 வொட் எண்டு இருக்கிறது எல்லா ஓட்டையும் சேர்த்து. ரெண்டாவதில போனைக் குத்தின உடன லப்டொப் பக்கம் 65, சிலதில 45க்கு இறங்கும். பின்பக்கத்தில சின்ன எழுத்தில இருக்கும், வாசிச்சிட்டு வாங்குங்கோ.

கொட்டாஞ்சேனை அண்ணா: கேபிளும் பாருங்கோ. சாதாரண சி கேபிள் 60 வொட் மட்டும்தான். அதுக்கு மேல எண்டா 5 அம்பியர் எண்டு போட்ட கேபிள் வேணும். சார்ஜர் நல்லது, கேபிள் மலிவு எண்டா லப்டொப் "மெதுவா ஏறுது" எண்டு காட்டிக்கொண்டே ஆனையிறவு வந்திடும் 😄

வெள்ளவத்தை சித்தப்பா: டப், போனெல்லாம் ஒரேயடியாக் குத்தாதேங்கோ. முறை வச்சு ஏத்தலாம். அரை மணித்தியாலம் ஓடினாப் பிறகு சொக்கெட்டில இருக்கிற பிளக்கைத் தொட்டுப் பாருங்கோ. கை வைக்க ஏலாத சூடு எண்டா நுனி ஸ்பிரிங் சரியா முட்டேல்ல, லூஸ் கொண்டெக்ட். கழட்டி வேற சொக்கெட்டில போடுங்கோ. சொக்கெட்டுக்குள்ள சில்லறை விழுந்தாலும் பியூஸ் போகும், மூடி இருக்கட்டும்.

தெஹிவளை மாமி: நெபுலைசர்தான் முக்கியம். 230 பிளக்.

வெள்ளவத்தை சித்தப்பா: அதுக்குள்ள மோட்டர் இருக்கு. தொடங்கேக்க ஓடுறதை விடக் கனக்க இழுக்கும், சின்ன இன்வேர்ட்டர் அந்த இடத்திலயே நிண்டிடும். மலிவான மொடிஃபைட் சைன் (வீட்டுக் கரண்ட் மாதிரிச் சீரா இல்லாத) இன்வேர்ட்டர் எண்டா மோட்டர் இரையும், சூடாகும். 300 வொட் பியூர் சைன் (வீட்டுக் கரண்ட் மாதிரியே குடுக்கிற) இன்வேர்ட்டர் எடுத்து நேர பற்றறியில குடுக்கோணும். வயர் 10 சதுர மி.மீ., 2 மீற்றருக்கு மேல வேண்டாம். 40 அம்பியர் பியூஸ், பற்றறியின்ர பொசிட்டிவ்வில இருந்து ஒரு சாணுக்குள்ள. பியூஸை இன்வேர்ட்டர் பக்கம் போட்டா இடையில வயர் உரஞ்சி ஷோர்ட் ஆனா ஒண்டும் காப்பாத்தாது.

வெள்ளவத்தை சித்தப்பா: மெல்லிய வயர் எண்டா என்ன நடக்கும் தெரியுமோ, 1.5 சதுர மி.மீ. வயரில 30 அம்பியர் போனா போக வர 4 மீற்றருக்கு 1.4 வோல்ட் வயரிலயே விழும். பற்றறி நல்லாத்தான் இருக்கும், இன்வேர்ட்டர் மட்டும் லோ பற்றறி எண்டு கத்தும். ஆக்கள் போய்ப் புதுப் பற்றறி வாங்குவினம்.

மருமகள் வத்தளை: சித்தப்பா, ஒரு தரம் ஓடுற 10 நிமிசத்துக்கு இவ்வளவு வயரிங்கா? கையில பிடிக்கிற மெஷ் நெபுலைசர் (மெல்லிய வலையால மருந்தைத் தூவுறது) இருக்கு, சின்னப் பற்றறியில இல்லாட்டி பவர் பேங்கில ஓடும். ஆனா எல்லா மருந்தும் அதுக்குச் சரிவராது. புடெசோனைட் மாதிரிக் கலங்கல் மருந்து சிலதில அடைக்கும். டொக்டரிட்டக் கேட்டிட்டு மாத்துங்கோ.

வெள்ளவத்தை சித்தப்பா: அதுதான் புத்தி. டொக்டர் ஓம் எண்டா நான் சொன்ன வயரிங்கை விடுங்கோ.

தெஹிவளை மாமி: தம்பியின்ர டொயோட்டா எஸ்டிமா ஹைபிரிட் வானும் வருது. அதில சுவர்ப் பிளக் மாதிரி ஒண்டு இருக்கே, 1500 வொட் எண்டு?

கொட்டாஞ்சேனை அண்ணா: மாமி அது ஜப்பான் பிளக், 100 வோல்ட். லப்டொப் சார்ஜரில 100-240 எண்டு இருந்தா அடப்டர் போட்டுக் குத்தலாம். அப்பப்பான்ர 230 நெபுலைசர் அதில உறுமும், ஓடாது. 1500 வொட் கேத்தலைக் குத்தினா 280 வொட்தான் எடுக்கும், தேத்தண்ணிக்கு வவுனியா மட்டும் காத்திருக்கோணும். ஹைபிரிட்டை "ரெடி" லைட் எரியிற நிலையில வச்சுப் பாவியுங்கோ. ஏ.சி.சி.யில (ரேடியோ மாதிரிச் சின்னச் சாமான் மட்டும் ஓடுற நிலை) மட்டும் விட்டா சின்ன 12 வோல்ட் பற்றறி இறங்கிடும், பிறகு வாகனமே எழும்பாது.

மருமகள் வத்தளை: குளிர்ப்பெட்டி?

வெள்ளவத்தை சித்தப்பா: கொம்பிரசர் பெட்டி எண்டா ஓடேக்க 4 அம்பியர் மாதிரி, குளிர்ந்தா நிண்டு நிண்டு ஓடும். புத்தளத்தில சாப்பிட நிப்பாட்டுற ஒரு மணித்தியாலம் பரவாயில்லை. இரவு முழுக்க விட்டா 70 அம்பியர் மணித்தியாலப் பற்றறியும் விடிய ஸ்டார்ட் எடுக்காமப் போகலாம். பெட்டியில பற்றறிக் காவல் எச், எம், எல் எண்டு இருக்கும், எச் எண்டதில வையுங்கோ, வான் பற்றறி இறங்க முன்னமே பெட்டி நிண்டிடும். ஃபேன் மட்டும் இருக்கிற மலிவுப் பெட்டி நிக்காமல் இழுக்கும், வெளிச்சூட்டை விட 15, 20 பாகைதான் குறைக்கும். வெயிலில நிப்பாட்டின வானுக்குள்ள மீனுக்கு அது காணாது.

தெஹிவளை மாமி: நாளைக்குப் பஞ்சிகாவத்தைக்குப் போவன். என்ன வாங்க?

வெள்ளவத்தை சித்தப்பா: நீலம், சிவப்பு பியூஸ் மூண்டு மூண்டு, கழட்டுற சின்னக் கிளிப். சார்ஜரும் கேபிளும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில பாருங்கோ. வானை ஸ்டார்ட் பண்ணேக்க எல்லாத்தையும் கழட்டி வையுங்கோ, எஞ்சின் பிடிச்ச பிறகு குத்துங்கோ.

தெஹிவளை மாமி: சரி. டொக்டருக்கு இப்பவே எடுக்கிறன்.